1042-ஆம் எண் எங்கே போனது?

ஜவுளிக்கடை ஒன்றில் மாதக் கடைசிக் கணக்கு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் எண் 1041 இருக்கிறது, 1043 இருக்கிறது, நடுவில் 1042-ஐக் காணோம். முதலாளியின் பார்வை கல்லாவில் இருக்கும் பையன்மேல் திரும்புகிறது. பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டானோ? ஆடிட்டர் மென்பொருள் எழுதியவருக்கு போன் போடுகிறார். "அந்த எண்ணை டேட்டாபேஸ் தானாகப் போடுகிறது சார், அதில் என் கை இல்லை" என்கிறார் அவர்.

பையன் திருடவில்லை. டேட்டாபேஸும் பழுதாகவில்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் 1042 காணாமல் போனது. தப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது: தரவுத்தளம் எதற்காகக் கொடுத்த எண்ணை நாம் எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. இது தெரியாததால் ஒரு பையன்மேல் பழி விழக்கூடும் என்பதாலேயே, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். டீ ஆறுவதற்குள் முடியாது. இன்னொன்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

ஒரு பதிவுக்கு எண் எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். வாடிக்கையாளரை அவருடைய மொபைல் எண்ணை வைத்தே அடையாளம் காணலாமே என்று தோன்றும். ஆனால் மொபைல் எண் மாறும். ஒரே எண்ணை அப்பாவும் கொடுப்பார், மகளும் கொடுப்பாள். பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செந்தில்குமார் என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். மாறக்கூடிய ஒன்றை அடையாளமாக வைத்துவிட்டால், அது மாறுகிற நாளில் அதைச் சுட்டிக்கொண்டிருக்கும் பில், ரசீது, பாக்கிக் கணக்கு அத்தனையையும் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். அதனால் எந்தப் பொருளும் இல்லாத ஓர் எண்ணை ஒவ்வொரு பதிவுக்கும் கொடுத்து, அதையே பிரைமரி கீ ஆக்கிவிடுகிறோம். அதற்குப் பொருள் இல்லை என்பதுதான் அதன் பலம். பொருள் இல்லாததை மாற்றவேண்டிய தேவையும் வராது.

சரி, அந்த எண்ணை யார் போடுவது? புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி ஒன்று உண்டு. அட்டவணையில் இருக்கும் மிகப் பெரிய எண்ணைக் கேள், ஒன்றைக் கூட்டு, அதைப் புதுப் பதிவுக்குக் கொடு. தன் கணினியில் தனியாகச் சோதித்துப் பார்த்தால் கச்சிதமாக வேலை செய்யும். கடையில் இரண்டு கவுண்டர் வைத்த அன்று உடையும். முதல் கவுண்டர் கேட்கிறது, பெரிய எண் 1041 என்று பதில் வருகிறது. அது தன் பதிவை எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது கவுண்டரும் கேட்கிறது. முதல் பதிவு இன்னும் கமிட் ஆகவில்லை, அதாவது உறுதியாகச் சேமிக்கப்படவில்லை, ஆகவே இரண்டாவதன் கண்ணுக்கு அது தெரியாது. இதற்கும் 1041 என்றே பதில். இரண்டும் 1042-ஐ எழுதப் போகின்றன. பிரைமரி கீ என்ற காவல் இருந்தால் ஒன்று பிழையோடு விழும். காவல் இல்லாவிட்டால் ஒரே எண்ணில் இரண்டு பில்கள் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். பின்னதுதான் பயங்கரம், ஏனென்றால் அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது.

இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. கடைசிப் பதிவான 1042-ஐ அழித்துவிட்டால் அடுத்து வருவதற்கும் 1042 என்ற எண்ணே கிடைக்கும். பழைய 1042-ஐக் குறித்து வைத்திருக்கும் வேறு ஏதாவது ஒரு கோப்போ, வாடிக்கையாளர் கையிலுள்ள காகிதமோ, இப்போது முற்றிலும் வேறொரு பில்லைச் சுட்டும்.

தரவுத்தளங்கள் இதற்குக் கண்ட தீர்வு, எண்ணும் வேலையை அட்டவணையிலிருந்து பிரித்து வெளியே வைப்பது. ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் அதற்கு சீக்வென்ஸ் என்று பெயர்: அடுத்த எண் என்ன என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கும் தனிப் பொருள் அது. மைஎஸ்கியூஎல்லில் ஆட்டோ இன்கிரிமென்ட் என்று நெடுவரிசையோடு ஒட்டி வரும். எஸ்கியூஎல் சர்வரில் ஐடென்டிட்டி. சீக்வென்ஸ், ஐடென்டிட்டி இரண்டையும் எஸ்கியூஎல்:2003 தர வரையறை சேர்த்துக்கொண்டது. எஸ்கியூஎல் சர்வருக்கு சீக்வென்ஸ் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. ஆரக்கிளுக்கு ஐடென்டிட்டி நெடுவரிசை 2013-இல் 12சி பதிப்பில் வந்தது. போஸ்ட்கிரெஸுக்கு 2017-இல் பத்தாம் பதிப்பில். ஆளுக்கொரு பெயரில் இருந்தாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த உள்விஷயம்தான் 1042-இன் கதை. தரவுத்தளத்தில் எதைச் செய்தாலும் பரிவர்த்தனை என்ற வளையத்துக்குள் செய்கிறோம். நடுவில் ஏதாவது தவறினால் ரோல்பேக் செய்யலாம், எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் சீக்வென்ஸ் இந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறது. அது கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. வங்கியில் டோக்கன் கொடுக்கும் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 42-ஆம் டோக்கனை எடுத்தவர் அவசர போன் வந்து வெளியே போய்விட்டால், இயந்திரம் அந்தச் சீட்டைத் தேடிப் பிடித்து அடுத்தவருக்குக் கொடுப்பதில்லை. அடுத்தவருக்கு 44 கூட வந்திருக்கும், 43 ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கும்.

ஏன் திரும்ப வாங்குவதில்லை? வாங்கவேண்டும் என்றால் காத்திருக்க வேண்டும். முதல் கவுண்டர் 1042-ஐ எடுத்துக்கொண்டது. அது கமிட் செய்யுமா ரோல்பேக் செய்யுமா என்று யாருக்கும் தெரியாது. அது தெரியும்வரை இரண்டாவது கவுண்டருக்கு 1043-ஐக் கொடுப்பதா, 1042-ஐக் கொடுப்பதா என்று முடிவு செய்ய இயலாது. ஆக இரண்டாவது கவுண்டர் நிற்க வேண்டும், மூன்றாவதும் நிற்க வேண்டும். வினாடிக்கு ஆயிரம் பேர் எழுதுகிற ஓர் அட்டவணையில் இது நடந்தால் எல்லோரும் ஒற்றை வரிசையில் நின்றுவிடுவார்கள். அதைத் தவிர்க்கத்தான் சீக்வென்ஸ் ஒரு கணம் மட்டும் பூட்டிக்கொண்டு, எண்ணைக் கொடுத்துவிட்டு, உடனே திறந்துவிடுகிறது. அது தரும் உறுதிமொழி ஒன்றே ஒன்று: இந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன். இடைவெளி விழாது என்று அது எப்போதும் சொன்னதில்லை.

நம் கடையில் 1042-ஆம் எண்ணை எடுத்த கவுண்டரில் பிரிண்டர் மக்கர் செய்திருக்கலாம், இருப்பு போதாமல் நிரல் பின்வாங்கியிருக்கலாம், மின்சாரம் போயிருக்கலாம். பரிவர்த்தனை ரத்தானது, சேலை அலமாரிக்குத் திரும்பியது, எண் மட்டும் திரும்பவில்லை.

ரோல்பேக் ஒன்றுதான் காரணம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் வட்டில் எழுதிக்கொண்டிருந்தால் நேரம் பிடிக்கும் என்பதால், தரவுத்தளங்கள் எண்களைக் கொத்தாக முன்கூட்டியே எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஆரக்கிள் 20 எண்களை எடுத்து வைக்கும். சர்வர் திடீரென்று நின்றால் அதில் மீதமிருப்பவை போய்விடும். போஸ்ட்கிரெஸ் தன் பதிவேட்டில் 32 எண்கள் முன்னதாகவே குறித்து வைக்கிறது, ஆகவே விபத்துக்குப் பிறகு அந்த அளவுக்கு ஒரு தாவல் வரலாம். எஸ்கியூஎல் சர்வர் 2012 வந்தபோது பலரும் அதிர்ந்துபோனார்கள்: எதிர்பாராமல் மறுதொடக்கம் ஆனால் இன்ட் வகை ஐடென்டிட்டி ஒரேயடியாக 1,000 தாவியது, பிக்இன்ட் என்றால் 10,000. அதை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் தரவுத்தள அளவிலேயே கொடுத்தார்கள். நிறுத்தினாலும் ரோல்பேக்கால் வரும் இடைவெளி இருக்கத்தான் செய்யும்.

மைஎஸ்கியூஎல்லின் கதை இதற்கு நேர் எதிர். அதன் இன்னோடிபி இயந்திரம் வெகுகாலம் அடுத்த எண்ணை நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. சர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்கினால், அட்டவணையில் இருக்கும் பெரிய எண்ணைத் தேடி அதற்கு அடுத்ததிலிருந்து ஆரம்பிக்கும். அதாவது நாம் முதலில் வேண்டாம் என்று தள்ளிய அதே உபாயம்! கடைசிச் சில பதிவுகளை அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்தால், அழிந்தவர்களின் எண்கள் புதியவர்களுக்குப் போய்ச் சேரும். பழைய பதிவுகளை வேறொரு காப்பு அட்டவணைக்கு நகர்த்தும் நிறுவனங்களில் இது பெரும் குழப்பம். இந்தக் குறையை 2003-இலேயே ஒருவர் பதிவு செய்துவிட்டார்; அதன் குறை எண் 199. திருத்தம் 2018-இல் வெளிவந்த 8.0 பதிப்பில்தான் வந்தது. பதினைந்து ஆண்டுகள். இடைவெளியைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இடைவெளி தீங்கில்லாதது, ஒரே எண் இரண்டு பேருக்குப் போவதுதான் தீங்கு.

"அதெல்லாம் சரி, ஆடிட்டருக்கு என்ன பதில் சொல்வது?" என்று நீங்கள் கேட்பது நியாயம். ஜிஎஸ்டி விதிகள், 2017, அதன் 46-ஆம் விதி, பில்லில் தொடர்ச்சியான வரிசை எண் இருக்க வேண்டும் என்கிறது. அது பதினாறு எழுத்துகளைத் தாண்டக்கூடாது, நிதியாண்டுக்குள் தனித்துவமாக இருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களாகவும் இருக்கலாம். ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-ஆம் அட்டவணையில், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டீர்கள், அதில் ரத்தானவை எத்தனை என்று காட்ட வேண்டும். இந்தத் தேவைக்கு சீக்வென்ஸை நம்பக்கூடாது. பதிவுக்குத் தரவுத்தளம் போடும் எண் வேறு, சட்டம் கேட்கும் பில் எண் வேறு. இரண்டுக்கும் இரண்டு நெடுவரிசைகள் வையுங்கள். முதலாவது தரவுத்தளத்தின் சொந்த உபயோகத்துக்கு. அதை வாடிக்கையாளர் பார்க்கவே வேண்டாம்.

இரண்டாவதற்கு ஒரு சின்ன அட்டவணை போதும். அதில் தொடரின் பெயர், நிதியாண்டு, கடைசியாகக் கொடுத்த எண் என்று மூன்றே விஷயங்கள். பில்லைச் சேமிக்கும் அதே பரிவர்த்தனைக்குள் அந்தக் கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டி அப்டேட் செய்து, வந்த எண்ணைப் பில்லில் எழுதுங்கள். அப்டேட் செய்த கணம் அந்த ஒற்றைப் பதிவின்மேல் பூட்டு விழும். கமிட் அல்லது ரோல்பேக் வரை திறக்காது. இரண்டாவது கவுண்டர் அங்கே வந்து காத்து நிற்கும். பரிவர்த்தனை ரத்தானால் கூட்டிய ஒன்றும் சேர்ந்தே ரத்தாகும், அடுத்தவருக்கு அதே எண் கிடைக்கும். இடைவெளி விழாது. தொடர், நிதியாண்டு, எண் மூன்றும் சேர்ந்து தனித்துவமாக இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் பில் அட்டவணையில் போட்டுவிடுங்கள். அந்தக் காவல் இல்லாமல் தூங்கப் போகாதீர்கள்.

சீக்வென்ஸ் எந்தக் காத்திருப்பைத் தவிர்க்கப் பிறந்ததோ, அந்தக் காத்திருப்பை நாமே இங்கே விலை கொடுத்து வாங்குகிறோம். ஒரு கடைக்கு அந்த விலை பெரிதல்ல, கவனமாக இருந்தால். எண் எடுக்கும் வேலையைப் பரிவர்த்தனையின் கடைசிப் படியாக வையுங்கள். வாடிக்கையாளர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் வந்து சேரும்வரை பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் கடை முழுவதும் நின்றுவிடும். பணம் வந்தபிறகு எண்ணை எடுங்கள். அப்படியும் நெரிசல் என்றால், பல தொடர்களை விதியே அனுமதிக்கிறது. கவுண்டருக்கு ஒரு தொடர் வைத்துவிட்டால் ஒருவருக்காக இன்னொருவர் காத்திருக்க வேண்டாம். ரத்தான பில்லை அழிக்காதீர்கள். ரத்து என்று குறியிட்டு அப்படியே வையுங்கள், 13-ஆம் அட்டவணைக்கு அது தேவைப்படும்.

இப்போது இன்னொரு நம்பிக்கையைப் பார்க்கலாம். இது இடைவெளியைவிட ஆபத்தானது, அனுபவசாலிகளும் இதில் விழுகிறார்கள். பெரிய எண் என்றால் பிறகு வந்தது என்ற நம்பிக்கை. கிளைக் கடையின் விற்பனைகளைத் தலைமைக் கடைக்கு அனுப்ப ஒரு சிறு நிரல் ஓடுகிறது என்று வையுங்கள். கடைசியாக அனுப்பிய எண்ணை அது குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அதைவிடப் பெரிய எண்களை மட்டும் எடுக்கும். மிக நியாயமாகத் தோன்றுகிறது. முதல் பரிவர்த்தனை 2001-ஐ எடுத்துக்கொண்டு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவது 2002-ஐ எடுத்து, உடனே முடித்து, கமிட் செய்துவிட்டது. இந்த நேரத்தில் நம் நிரல் வந்து பார்க்கிறது. 2002 தெரிகிறது, 2001 இன்னும் தெரியவில்லை. 2002-ஐ அனுப்பிவிட்டு அதையே கடைசி எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. அரை வினாடி கழித்து 2001 கமிட் ஆகிறது. இனி அதை யாரும் அனுப்பப்போவதில்லை, ஏனென்றால் நிரல் 2002-க்கு மேலேதான் தேடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரு பில் தலைமைக் கணக்கில் சேராமலே போகும், கூட்டம் அதிகமான நாளில் மட்டும் இது நடக்கும், சோதித்துப் பார்த்தால் நடக்காது.

எண் கொடுக்கப்பட்ட வரிசையும் கமிட் ஆன வரிசையும் வேறு வேறு. இதற்கு நேர்மையான தீர்வு, எண்ணைப் பார்க்காமல் பதிவிலேயே அனுப்பியாயிற்றா இல்லையா என்று ஒரு குறி வைப்பது. அல்லது தரவுத்தளம் கமிட் வரிசையில் எழுதிவரும் மாற்றப் பதிவேட்டிலிருந்து நேரடியாகப் படிப்பது. சில நிமிடம் பின்தங்கிப் படித்தால் போதும் என்று ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. பரிவர்த்தனை ஒன்று அந்தச் சில நிமிடத்தைவிட நீளமாக ஓடுகிற நாளில் அந்த ஏற்பாடும் கைவிடும் என்பதால் எனக்கு அதில் சம்மதமில்லை.

போட்ட எண்ணைத் திரும்பத் தெரிந்துகொள்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. பில்லைச் சேமித்தபின் அதன் எண் தெரிந்தால்தானே, அதிலுள்ள பொருட்களை அந்த எண்ணோடு சேர்த்து எழுத முடியும்? மறுபடியும் பெரிய எண்ணைக் கேட்காதீர்கள், அதற்குள் பக்கத்துக் கவுண்டர் எழுதியிருக்கும். போஸ்ட்கிரெஸில் சேமிக்கும் கட்டளையோடு ரிட்டர்னிங் என்று சேர்த்தால் எண்ணும் கூடவே வரும். மைஎஸ்கியூஎல்லின் லாஸ்ட் இன்செர்ட் ஐடி உங்கள் இணைப்புக்கு மட்டுமே உரியது, மற்றவர் எழுதியது அதில் கலக்காது. எஸ்கியூஎல் சர்வரில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே வெறும் ஐடென்டிட்டி மாறியைக் கேட்டால், உங்கள் அட்டவணையில் இருக்கும் டிரிகர் வேறொரு அட்டவணையில் எழுதிய பதிவின் எண் வந்துவிடக்கூடும்; ஸ்கோப் ஐடென்டிட்டியைக் கேளுங்கள்.

பழைய மென்பொருளிலிருந்து தரவை எண்களோடு சேர்த்து போஸ்ட்கிரெஸுக்குள் கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களே எண்ணைக் கொடுத்து எழுதினால் சீக்வென்ஸுக்கு அது தெரியாது. உள்ளே ஐம்பதாயிரம் பதிவு இருந்தாலும் அது 1-இல்தான் நிற்கும். முதல் புதுப் பதிவு எழுதியதும் எண் ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழை வரும். செட்வேல் என்ற கட்டளையால் சீக்வென்ஸைச் சரியான இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும். கையால் எண் கொடுப்பதையே தடுக்க வேண்டுமென்றால், நெடுவரிசையை உருவாக்கும்போது ஜெனரேட்டட் ஆல்வேஸ் என்று அறிவித்துவிடலாம்.

எண்களைத் தொடர்ச்சியாகக் கொடுப்பதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அது போர்க்களத்தில் நிரூபணமானது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கிகள் செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரியவேண்டியிருந்தது. உளவுத்துறை ஒரு கணக்குச் சொன்னது. புள்ளியியலாளர்கள், கைப்பற்றிய டாங்கிகளின் பாகங்களில் பொறித்திருந்த வரிசை எண்களை வைத்து வேறொரு கணக்குப் போட்டார்கள். 1940 ஜூனுக்கு உளவுத்துறை 1,000 என்றது, புள்ளியியலாளர்கள் 169 என்றார்கள். போருக்குப் பின் கிடைத்த ஜெர்மானிய ஆவணத்தில் இருந்தது 122. 1942 ஆகஸ்டுக்கு உளவுத்துறை 1,550, புள்ளியியலாளர்கள் 327, உண்மை 342. தொடர் எண் எவ்வளவு வெளிப்படையாகப் பேசும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உங்கள் இணையக் கடையில் ஒருவர் மாத முதல் நாள் ஒரு பொருள் வாங்குகிறார், ஆர்டர் எண் 5210. மாதக் கடைசியில் இன்னொன்று வாங்குகிறார், 5870. உங்கள் மாத வியாபாரம் எவ்வளவு என்பது போட்டிக் கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. இது வெறும் வியாபார ரகசியம். இதைவிட மோசமானது, முகவரிப் பட்டையில் இருக்கும் எண்ணில் ஒன்றைக் கூட்டிப் பார்க்கிறவர். அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற வீட்டுப் பத்திரக் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில், இணைப்பில் இருந்த ஆவண எண்ணை மாற்றினாலே அடுத்தவரின் ஆவணம் திறந்தது என்று 2019 மே மாதம் தெரியவந்தது. 2003 வரை பின்னோக்கிப் போகும் ஏறத்தாழ 88.5 கோடி ஆவணங்கள், கடவுச்சொல்லே இல்லாமல். யார் கேட்கிறார்கள், அவருக்கு இதைப் பார்க்க உரிமை உண்டா என்று சோதிக்காததே அங்கே அடிப்படைக் குற்றம். ஆனால் எண்கள் தொடராக இருந்ததால்தான் அந்தக் கதவை இவ்வளவு எளிதாகத் தள்ள முடிந்தது.

நம் நாட்டில் ஆதார் எண்ணை வடிவமைத்தவர்கள் இதில் சரியான முடிவெடுத்தார்கள். பன்னிரண்டு இலக்கங்கள், தொடர் வரிசை இல்லை. 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 4-ஆம் பிரிவே, அந்த எண் தற்செயல் எண்ணாக இருக்க வேண்டும், அதை உடையவரின் தன்மைகளோடு எந்தத் தொடர்பும் கொண்டிருக்கக்கூடாது என்கிறது. உங்கள் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரரின் எண் வராது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் அப்படி இல்லாமல் மாநிலம், தொகுதி, வரிசை என்று அடுக்கப்பட்டிருந்தது. பிறந்த இடமும் தேதியும் தெரிந்தால் அதைக் கணிக்க முடியும் என்று 2009-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2011 ஜூன் முதல் அவர்களும் தற்செயல் எண்ணுக்கு மாறினார்கள்.

உள்ளே தொடர் எண், வெளியே ஊகிக்க முடியாத எண் என்று இரண்டு வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வெளியே காட்டுவதற்கு 128 பிட் அளவுள்ள யூயூஐடி வசதியானது. அதையே பிரைமரி கீயாக வைத்தால், முற்றிலும் தற்செயலான வகையில் புதுப் பதிவுகள் இன்டெக்ஸின் எல்லாப் பக்கங்களிலும் சிதறி விழும், அட்டவணை பெரிதாக ஆக வேகம் குறையும். அதனால் நேரத்தை முன்பகுதியில் வைக்கும் ஏழாம் வகை யூயூஐடியை 2024-இல் ஆர்எஃப்சி 9562 வரையறுத்தது. போஸ்ட்கிரெஸ் 18-இல் அதற்கான செயற்கூறு உள்ளேயே வருகிறது. ஒன்றை மறக்காதீர்கள்: அந்த வகை எண்ணைப் பார்த்தால் அது உருவான நேரம் தெரியும்.

ஒரே சர்வர் போதாதவர்களின் பாடு தனி. ஃப்ளிக்கர் 2006 ஜனவரியில் எண் கொடுப்பதற்கென்றே இரண்டு மைஎஸ்கியூஎல் சர்வர்களை நிறுத்தியது. ஒன்று ஒற்றைப்படை எண்களை மட்டும் கொடுக்கும், மற்றது இரட்டைப்படை. ஒன்று படுத்தாலும் மற்றொன்று ஓடும், எண் மோதாது. ட்விட்டர் 2010-இல் ஸ்னோஃபிளேக் என்ற முறையைக் கொண்டுவந்தது. 64 பிட்டில் 41 நேரத்துக்கு, 10 இயந்திரத்துக்கு, 12 அந்த மில்லிவினாடிக்குள் வரிசைக்கு. யாரையும் கேட்காமல் ஒவ்வோர் இயந்திரமும் மில்லிவினாடிக்கு 4,096 எண்களை உருவாக்கிக்கொள்ளும். நம்மில் பெரும்பாலோர்க்கு இவை தேவையில்லை. ஒரு சர்வரில் நிம்மதியாக ஓடும் கடைக்கு ஸ்னோஃபிளேக் வைக்கிறேன் என்று யாராவது வந்தால், ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக, எண் தீர்ந்துபோவது. இன்ட் வகை நெடுவரிசையில் உச்ச எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. வாழ்நாளுக்குப் போதும் என்று தோன்றும். வினாடிக்கு ஆயிரம் பதிவு எழுதினால் 25 நாளுக்குள் முடிந்துவிடும். 2018 நவம்பர் 8 அன்று பேஸ்கேம்ப் நிறுவனத்தின் நிகழ்வுகள் அட்டவணை இந்த எல்லையைத் தொட்டது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வாடிக்கையாளர்கள் பழையதைப் படிக்க முடிந்ததே தவிர, புதிதாக எதையும் எழுத முடியவில்லை. அவர்கள் பயன்படுத்தும் ரெயில்ஸ் கட்டமைப்பு 2017-லேயே புது அட்டவணைகளுக்கு பிக்இன்ட்டுக்கு மாறியிருந்தது. பழைய அட்டவணை மட்டும் இன்ட்டிலேயே நின்றிருந்தது.

பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்து நாம் அங்கே வர இன்னும் காலமிருக்கிறது என்று நினைக்கவேண்டாம். இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர் என்ற வகைக் கட்டளை ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும், திருத்தம் மட்டும் நடந்தாலும்கூட. மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் இதுதான் நிலை. சில லட்சம் பதிவுகளே உள்ள அட்டவணையில் எண் 200 கோடியை நெருங்கியிருக்கலாம். பிக்இன்ட் என்றால் வினாடிக்கு ஆயிரம் பதிவு எழுதினாலும் 29 கோடி ஆண்டுகளுக்கு மேல் வரும். ஒரு பதிவுக்கு நான்கு பைட்டுதான் கூடுதல் செலவு. புது அட்டவணைகளை பிக்இன்ட்டிலேயே தொடங்குங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவற்றில், ஒவ்வொரு அட்டவணையின் எண்ணும் இப்போது எங்கே நிற்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். பாதியைத் தாண்டிய அட்டவணை இருந்தால், கூட்டம் இல்லாத ஒரு ராத்திரியாகப் பார்த்து மாற்றத்துக்கு நாள் குறியுங்கள். மாற்றும்போது பிரைமரி கீயோடு நிறுத்திவிடாதீர்கள். மற்ற அட்டவணைகளில் அதைச் சுட்டும் நெடுவரிசைகள் இன்ட்டாகவே இருந்தால் அவையும் அதே எண்ணில்தான் முட்டி நிற்கும்.